மாலத்தீவிலிருந்து திரும்பும் நாள்: கடைக்குப் போகும் முன் படியுங்கள்

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். ஹுல்ஹுலே தீவு விமான நிலையத்தில் வரியில்லாக் கடைகள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் இருக்கின்றன. அங்கு டாலர் செல்லும். கையில் மிஞ்சிய மாலத்தீவுப் பணமான ருஃபியாவைத் தீவிலேயே செலவழித்துவிடுங்கள், கோவையில் மாற்றுவது கடினம்.

கொழும்பு வழியாக வருகிறவர்கள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். வாசனைத் திரவியம் வாங்கினால் முத்திரையிட்ட பையில் ரசீதோடு தருவார்கள். வீடு சேரும்வரை அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் கொழும்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். போன பயணத்தில் என் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) வாங்கிய பன்னீர் பாட்டில் அப்படித்தான் போனது. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொச்சிக்கு நேராக வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வரியில்லை என்பதால் விலை குறைவு என்று நம்பிவிடாதீர்கள். சாக்லேட் கோவை ஒப்பணக்கார வீதியிலேயே மலிவாகக் கிடைக்கலாம். கொச்சியிலிருந்து கோவை வரும் வழியில் வாளையார் வெயிலில் வேனுக்குள் உருகவும் செய்யும். சூரை மீனை உலர்த்திச் செய்யும் மாசிக்கருவாடு வாங்குங்கள், அதுதான் அந்த மண்ணின் பொருள். நன்றாகப் பொதிந்து பெரிய பெட்டியில் வையுங்கள்.

கறுப்புப் பவளம், ஆமை ஓட்டுப் பொருள்களை யார் விற்றாலும் தொடாதீர்கள். அவற்றை நாட்டைவிட்டு எடுத்துவரத் தடை இருக்கிறது. மது ஓர் ஆளுக்கு 2 லிட்டருக்கு மேல் போனால் இங்கே சுங்கவரி கட்ட வேண்டும்.