வெளிநாட்டுக் கடனுக்கு ஊரிலும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஜப்பான் அரசின் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையான ஜைக்காவின் நிதியில் எழுந்திருக்கும் கட்டடத்தை ஜப்பான்காரர்கள் இனாமாகக் கட்டிக்கொடுத்தார்கள் என்றே எங்கள் பகுதியில் பலரும் நம்புகிறார்கள். தமிழ்நாட்டின் நகர்ப்புற மருத்துவமனைகளுக்காக 2016-இல் அந்த முகமையுடன் செய்துகொண்டது கடன் ஒப்பந்தம். வட்டி குறைவு, தவணைக் காலம் நீண்டது என்றாலும், அசலும் வட்டியும் கட்டித் தீர வேண்டியவை.

ஏழை நாடு என்ற வகையில் இந்தியாவுக்குக் கிடைத்துவந்த சலுகைகள் பெருமளவு முடிந்துவிட்டன. உலக வங்கிக் குழுமத்தின் சலுகைக் கடன் பிரிவான பன்னாட்டு மேம்பாட்டுச் சங்கத்திலிருந்து இந்தியா 2014-இல் வெளியேறியது. அதன்பின் 2017 வரை இடைக்கால ஆதரவு மட்டுமே இருந்தது. இந்த மாற்றம் நம் வாய்க்கால்களிலேயே தெரிகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனப் பகுதியையும் தொட்ட நீர்வள நிலவளத் திட்டத்துக்கு 2007-இல் உலக வங்கியிடமிருந்து கிடைத்த 48.5 கோடி டாலரில் 15 கோடி டாலர், ஏறத்தாழ வட்டியே இல்லாத சலுகைக் கடன். அதன் தொடர்ச்சியாக 2017-இல் ஒப்புதல் பெற்ற 31.8 கோடி டாலரோ முழுவதும் சந்தை வட்டியை ஒட்டிய கடன்.

இன்னொன்றும் உண்டு. 2005-க்கு முன் இத்தகைய நிதியை மத்திய அரசு வாங்கி, 70 விழுக்காட்டைக் கடனாகவும் 30 விழுக்காட்டை மானியமாகவும் மாநிலங்களுக்குத் தந்தது. மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பகிர்வை ஆராயும் பன்னிரண்டாம் நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனம் விதித்த நிபந்தனைகளோடு கடன் அப்படியே மாநிலத்தின் தலையில் இறங்குகிறது. நாணய மதிப்பு மாறினால் வரும் நட்டமும் மாநிலத்துக்கே. அன்று சுமார் 45 ரூபாயாக இருந்த டாலர் இன்று 85-ஐத் தாண்டி நிற்கிறது. டாலர் ஏறினால் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஆதாயம்; அதே ஏற்றம் கோட்டையில் கடன் கணக்குப் பார்ப்பவரின் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதனால் இக்கடன்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பணத்தைவிட அதோடு வரும் ஒழுங்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். பெரும்பாலும் மாநிலம் முதலில் தன் கருவூலத்திலிருந்து செலவிட்டு, தில்லியிலுள்ள உதவிக் கணக்கு மற்றும் தணிக்கைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் வழியாகக் கோரிக்கை அனுப்பி, ஏற்கப்பட்ட செலவுக்கு மட்டுமே பணத்தைத் திரும்பப் பெறுகிறது. ஒப்பந்தப்புள்ளி, சுற்றுச்சூழல் ஆய்வு, நிலம் இழந்தோர் மறுவாழ்வு என ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட விதி உண்டு. நம் சொந்த நிதியில் நடக்கும் பணிகளிலும் இந்தக் கண்டிப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

குறை எங்கே என்றால், வேலை முடிந்த மறுநாளில். கட்டுவதற்குக் கடன் தரும் நிறுவனங்கள், பிறகு வரும் மின்கட்டணத்தையும் பணியாளர் சம்பளத்தையும் பொதுவாக ஏற்பதில்லை. மாநில அரசின் சொந்த நிதியில் 1,916 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024-இல் செயல்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் நீரேற்று நிலையங்கள் ஓடினால்தான் குளங்களுக்குத் தண்ணீர் என்பதை விவசாயிகள் அனைவரும் அறிவார்கள். அது நம் பணம் என்பதால் கேள்வியும் கேட்கிறார்கள். ஆசிய வளர்ச்சி வங்கி 2018-இல் தமிழ்நாட்டு நகரங்களின் குடிநீர், பாதாளச் சாக்கடைப் பணிகளுக்காக ஒப்புக்கொண்ட 50 கோடி டாலர் திட்டத்தில் கோவையும் திருப்பூரும் இடம்பெற்றிருந்தும், அதன் பராமரிப்புச் செலவைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

இத்திட்டங்களின் ஆவணங்களை அந்த வங்கிகள் இணையத்தில் வெளியிடத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கின்றன. எனவே மாநகராட்சி மன்றங்களிலும் கிராம சபைகளிலும் ஒரே ஒரு தாள் தமிழில் வைக்கப்பட வேண்டும். கடன் எவ்வளவு, எந்த நாணயத்தில், திருப்பிச் செலுத்துவது எந்த ஆண்டில் தொடங்குகிறது, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஆகும், அது வரியிலிருந்தா குடிநீர்க் கட்டணத்திலிருந்தா என்பவை அதில் இருக்கட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலிருந்தே கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ஆட்சியர்கள் இதைத் தொடங்கலாம். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்