காலி அட்டைகளை எண்ணிப் பார்த்தேன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனை மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே வேலைக்காலத்தைக் கழித்த மருந்தாளுநர் நான். ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது. பென்ஷன் பாக்கியோ பஞ்சப்படியோ கேட்டு இதை எழுதவில்லை. சில மருந்துகளைக் கொடுக்கும் முன் அது அந்த நோயாளியின் உடம்புக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அதற்கு முதலில் ஒரு கட்டுக் காலி மாத்திரை அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமான ஒருவர். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, மறுபடி மாரடைப்பு வந்து, எப்படியோ பிழைத்து நோட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். மாத்திரையை ஒழுங்காக எடுக்காததால் வந்த அடைப்பு என்று நோட்டில் எழுதியிருந்தார்கள். நானும் வழக்கம்போல, "விடாம சாப்பிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று ஆரம்பித்தேன். கூட வந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. ஒயர்கூடைக்குள் கையை விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து கவுண்டரில் வைத்தார். எல்லாம் காலி அட்டைகள். அடுத்த மாசம் அதே மாத்திரையைக் காட்டி வாங்குவதற்காகப் பலரும் ஒன்றிரண்டு அட்டை வைத்திருப்பார்கள். இந்த அம்மா எல்லாவற்றையும் வைத்திருந்தார். "எண்ணிப் பாருங்க சார். ஒரு நாள்கூட விடலை."

வரிசை நீண்டுகொண்டிருந்தது. இருந்தாலும் எண்ணினேன். கணக்கு சரியாகவே இருந்தது.

அந்த மாத்திரை குளோபிடோக்ரெல், 75 மில்லிகிராம். உங்கள் துறை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த மாத்திரை. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருகிறவருக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுக்கிறோமே, ஆஸ்பிரின் 2, அட்டர்வாஸ்டேட்டின் 8 போக மீதி 4 இதுதான். நல்ல திட்டம். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை உட்கார வைத்து மரபணு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் கேட்பது அதற்கு அப்புறம், மாதக்கணக்கில் அதே மாத்திரையை எழுதிக் கொடுக்கிற கட்டத்தைப் பற்றி.

விஷயம் இதுதான். குளோபிடோக்ரெல் வாயில் போடும்போது மருந்தே இல்லை. கல்லீரலில் இருக்கும் சில நொதிகள், முக்கியமாகச் சிஒய்பி2சி19 என்ற நொதி, அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் மருந்தாகிறது. அந்த நொதிக்கான மரபணு நம்மிடம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி இருக்கிறது. இரண்டுமே வேலை செய்யாத வகையாக அமைந்துவிட்டால், தினமும் தவறாமல் விழுங்கினாலும் மாத்திரை போதிய அளவு வேலை செய்யாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே இந்த மாத்திரையின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டது.

இது வெள்ளைக்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் பொருந்தும். பக்கத்திலிருக்கும் புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறை தமிழர்களிடம் இந்த மரபணுவைப் பார்த்து 2003-ல் முடிவை வெளியிட்டது. எண்ணிய பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் வேலை செய்யாத வகை. கணக்குப் போட்டால், ஒரு பிரதியாவது பழுதானவர்கள் நம்மில் பாதிப் பேருக்கு மேல். இரண்டும் பழுதானவர்கள் பத்துக்கு ஒருவருக்குக் குறையாது. ஐரோப்பியர்களில் இரண்டும் பழுதானவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். ஜிப்மர் சொல்லி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நான் வேலையில் இருந்தவரை இந்தச் சோதனையை எழுதிய ஒரு சீட்டுகூட என் ஜன்னலுக்கு வந்ததில்லை.

அந்த அட்டைக்காரருக்கு மரபணுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்டென்ட் சரியாக விரியாமல் இருந்திருக்கலாம், சர்க்கரை கூடியிருக்கலாம். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே குற்றவாளி யார் என்று மட்டும் நோட்டில் எழுதிவிட்டோம்.

உங்கள் நிபுணர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று பெரிய இதயநோய்ச் சங்கங்களே சொல்லவில்லையே என்பார்கள். உண்மைதான். 2020-ல் வெளிவந்த டெய்லர்-பிசிஐ என்ற ஆய்வில் 5,302 பேரைச் சேர்த்தார்கள். பழுதான மரபணு உள்ளவர்களில், சோதனை பார்த்து மாத்திரை மாற்றிய பிரிவில் ஒரு வருஷத்தில் 4 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பிரச்சினை வந்தது. மாற்றாத பிரிவில் 5.9 சதவீதம். வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்வதற்கான புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டதால் 'நிரூபணமாகவில்லை' என்று முடித்தார்கள். அதே சமயம் சீனாவில் லேசான பக்கவாதம் வந்தவர்களில் பழுதான மரபணு உள்ள 6,412 பேரை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு, இந்த நொதியின் உதவி இல்லாமலே வேலை செய்யும் டிகாக்ரெலார் என்ற வேறு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் மறுபடி பக்கவாதம் வருவது குறைந்தது. 2024-ல், எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, பக்கவாதத்துக்குப் பின் குளோபிடோக்ரெல் கொடுக்கும் முன் இந்த மரபணுவைப் பாருங்கள் என்று பரிந்துரைத்தது. பழுது குறைவாக உள்ள நாட்டிலேயே அப்படி.

அப்படியானால் எல்லாருக்கும் டிகாக்ரெலாரே கொடுத்துவிடலாமே என்று ஒரு டாக்டர் என்னிடமே கேட்டார். தினம் இரண்டு வேளை, விலை கூடுதல், ரத்தக்கசிவு அதிகம், சிலருக்கு மூச்சு வாங்குவது வேறு. மூச்சு வாங்கினால் நம் ஆட்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் டாக்டரிடமே போவார்கள். யாருக்குத் தேவை என்று பார்த்துக் கொடுப்பதுதான் செலவும் குறைவு.

புற்றுநோய்ப் பக்கம் கதை தலைகீழ். என் தங்கைக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கேபெசிடபின் மாத்திரை, காலையில் மூன்று, இரவில் மூன்று, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. வீட்டிலேயே சாப்பிடுகிற கீமோ என்பதால் எங்களுக்கெல்லாம் நிம்மதி. பத்தாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை, பேதி நிற்கவில்லை, வெள்ளணுக்கள் தரைமட்டம். "கீமோன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒன்பது நாள் வார்டில் கிடந்து மீண்டாள். அப்புறம் அளவைக் குறைத்தார்கள், தாங்கினாள். குறைத்த அளவில் ஆரம்பித்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கேபெசிடபின் உடம்புக்குள் போய் ஃபைவ் எஃப்யூ ஆகிறது. 1957-லிருந்து இருக்கிற பழைய மருந்து. இன்றும் குடல், வயிறு, மார்பகம் என்று பல புற்றுநோய்களுக்கு அதுதான் கை கொடுக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது டிபிடி என்ற நொதி. அது குறைவாக உள்ளவருக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். அறவே இல்லாதவர் முதல் சுற்றிலேயே இறந்துபோகலாம். 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை, இந்த மருந்தைத் தொடங்கும் முன் டிபிடி குறைபாடு பார்க்கப் பரிந்துரைத்தது. மரபணுவைப் பார்க்கலாம், அல்லது ரத்தத்தில் யுராசில் என்ற பொருளின் அளவைப் பார்க்கலாம்.

இங்கே அவசரப்பட்டு ஒரு தப்பு செய்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் பார்க்கும் நான்கு மரபணு மாற்றங்கள் அவர்கள் ரத்தத்தில் அதிகம் கிடைப்பவை. நம்மிடம் அவற்றில் பல அரிது. அந்தப் பட்டியலை அப்படியே டெண்டர் விட்டு வாங்கினால், 'குறைபாடு இல்லை' என்று தாள் வந்த பிறகும் நோயாளி ஐசியூவுக்குப் போகக்கூடும். நம் ஆட்களுக்கு யுராசில் அளவு பார்ப்பதும், முழு மரபணுவையும் படிப்பதும்தான் பொருந்தும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் பேரளவில் படித்த மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. நம் மாநிலப் புற்றுநோய் மையங்களில் மோசமான பக்கவிளைவு வந்தவர்களின் ரத்தத்தை அதோடு ஒப்பிட்டால் நமக்கான பட்டியல் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவில் நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று கணித்துத் தருகிறோம் என இப்போது கம்பெனிகள் லேப்டாப்போடு அலைகின்றன. உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருப்பார்கள். எந்த ஊர் நோயாளிகளை வைத்து அது படித்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்புங்கள், போதும்.

சிஒய்பி2சி19 சோதனைக்குப் புதுக் கட்டடமெல்லாம் வேண்டாம். கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இறக்கிய ஆர்டிபிசிஆர் கருவிகள் இருக்கின்றன. இந்த மரபணுவைப் பழுதாக்கும் முக்கியமான இரண்டு மாற்றங்களை அதே வகைக் கருவியில் பார்க்க முடியும். வாழ்நாளில் ஒரே முறை பார்த்தால் போதும், மரபணு மாறப்போவதில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட்டுக்குக் கொடுக்கும் தொகுப்புக் கட்டணத்துக்குள்ளேயே இதைச் சேருங்கள். கேபெசிடபின், ஃபைவ் எஃப்யூ தொடங்கும் முன் யுராசில் அளவைக் கட்டாயமாக்குங்கள். முதலில் இரண்டு மாவட்டத்தில் செய்து பார்த்துக் கணக்கு வெளியிட்டாலும் சரி.

அதற்கும் கமிட்டி, கோப்பு, நிதி ஒப்புதல் என்று நாளாகும். அதுவரை காசு செலவில்லாத ஒன்று சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே 'கேஸ் மாத்திரை' என்று ஒமிப்ரசோல் எழுதுவார்கள். அந்த ஒமிப்ரசோல் இதே சிஒய்பி2சி19 நொதியைத்தான் தடுக்கிறது. நல்ல மரபணு உள்ளவருக்கும் குளோபிடோக்ரெல்லின் வேலையை அது குறைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்று 2009-லேயே அமெரிக்காவில் எச்சரித்தார்கள். பாதிப்பு குறைவான பான்டோபிரசோல் இருக்கிறது. குளோபிடோக்ரெல் எழுதிய சீட்டில் ஒமிப்ரசோல் இருந்தால் மருந்தாளுநர் டாக்டரிடம் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை, ஒரே பக்கம், அனுப்புங்கள்.

அந்த அட்டைக்கட்டை நான் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வெச்சுக்கங்க சார், டாக்டர் கேட்டா காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வுபெறும் நாள்வரை என் மேஜை டிராயரில் அது இருந்தது. டாக்டர் யாரும் கேட்கவில்லை. பாதி அட்டைகள் ஒமிப்ரசோல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்