படுவான்கரை அடுப்படிகளுக்கு மூடியுள்ள உப்புப் போத்தல்: உதவி கோருகிறோம்

அன்புடையீர்,

கடந்த மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், எமது மாதர் சங்கப் பெண்கள் குடும்பநல உத்தியோகத்தருடன் வீடு வீடாகச் சென்று உப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். உப்பின்மேல் சோதனைத் திரவம் ஒரு துளி விட்டால், அயடீன் உள்ள உப்பு நாவற்பழச் சாறு பட்டதுபோல் நிறம் மாறும். புதிதாகப் பிரித்த பொதியில் உடனே மாறியது. அடுப்போரம் சிரட்டையில் கசிந்து கிடந்த உப்பு வெள்ளையாகவே இருந்தது. ஒரு வீட்டில் பெத்தா (பாட்டி) கல்லுப்பை மண் போகக் கழுவி, சுளகில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அயடீன் அந்தக் கழுநீரோடு போய்விட்டது.

உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையில் 1995 முதல் கட்டாயம். சட்டம் கடை வரைக்கும்தான் காவல் நிற்கும். அதன்பின் வெயிலும் மாரிகால ஈரமும் அடுப்பு ஆவியும் தம் வேலையைக் காட்டிவிடுகின்றன.

"கண்டக்கழலை தெற்கே ஈரவலயத்து நோய், நமக்கென்ன?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. கழுத்து வீங்கிக் கண்டக்கழலை வந்தால்தான் அயடீன் குறைபாடு என்றில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கடுமையாகக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு எந்த டியூஷனாலும் அதை ஈடுசெய்ய முடியாது. கடலோரத்து எழுவான்கரையாருக்குக் கடல்மீனாவது கைக்கெட்டும். எங்கள் சட்டியில் பெரும்பாலும் குளத்து மீன். அதில் அயடீன் குறைவு.

இதைப் படித்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நாளுக்கு 5 கிராமுக்குள்தான். கறியை இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் அயடீன் வீணாவது குறையும்.

எங்கள் பிரிவில் வீட்டுக்கு ஒரு மூடியுள்ள போத்தல், கர்ப்பிணித் தாய்மாருக்கு அயடீன் உப்புப் பொதி, மறுபடி சோதிக்கத் திரவம். தேவை இவ்வளவுதான். வெளிநாட்டிலுள்ள எமது உறவுகளும் ஊரவர்களும் இயன்றதைத் தாருங்கள். நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. கணக்கு மாதந்தோறும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர இயலாதவர்கள் மா, ஜாம் வந்த போத்தல்களைக் கழுவிக் காயவைத்து மாலையில் வாசிகசாலையில் கொடுக்கலாம். மூடியோடு கொடுங்கள். சென்ற வாரம் வந்த ஒரு சாக்குப் போத்தலில் பாதிக்கு மூடியே இல்லை. பொருளாளர் இன்னும் மூடி தேடி அலைகிறார்.

மாரி தொடங்குமுன் கொடுத்து முடிக்க வேண்டும்.

இவ்வண்ணம்,
செயற்குழுவினர்