பழைய ஆங்கிலேய ஆவணங்களில் தேதி படிக்கும் முறை

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த வாரம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆவணங்களைத் தொடங்குகிறோம். குறிப்பெடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான தேதிகளில் ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும். மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது அன்றைய கணக்கில் 1648 ஜனவரி 30. நம் கணக்கில் 1649. குறிப்பில் 1648/9 என இரண்டையும் எழுதுங்கள். ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது, அங்கே ஆண்டைத் தொடாதீர்கள்.

அடுத்தது நாள் வேறுபாடு. இங்கிலாந்து அப்போது பின்பற்றிய பழைய ஜூலியன் நாட்காட்டி, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியைவிட 1700 பிப்ரவரி வரை 10 நாள், அதன்பின் 11 நாள் பின்தங்கியிருந்தது. இங்கிலாந்து கிரிகோரியனுக்கு மாறியபோது, 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இதே மாற்றம்தான்: வாஷிங்டன் பிறந்த 1731 பிப்ரவரி 11, 1732 பிப்ரவரி 22 ஆனது இப்படித்தான்.

பலர் சறுக்குவது இரு நாட்டு ஆவணங்களை ஒப்பிடும்போது. பிரான்ஸ் 1582லேயே கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த நாள் ஆங்கிலேயருக்கு செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு 21. இரண்டும் ஒரே நாள்!

மூலத்தில் உள்ள தேதியை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்தில் எழுதுங்கள். பதிப்பாசிரியர் ஏற்கெனவே திருத்தியிருக்கலாம். முன்னுரையைப் பார்க்காமல் திருத்தினால் ஓர் ஆண்டு கூடிவிடும்.