பாறைமேடு

பென்னாகரம்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ மாட்டு டாக்டராக வேலையில் சேர்ந்ததை உன் அம்மா ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பிறப்பதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நம்மிடம் ஓர் ஆலம்பாடி எருது இருந்தது. அப்போதெல்லாம் மாடு செத்தால் மேற்கே பாறைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். வானத்தில் ஒரு புள்ளி தெரியும். அப்புறம் பத்து, அப்புறம் முப்பது. எல்லாம் பாறுக் கழுகு. பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிச்சம், ஊருக்குள் நாற்றமே வராது.

எருது கால் ஊன்ற முடியாமல் படுத்தபோது வலி ஊசி போடச் சொன்னேன். டைக்ளோபினாக். விலை கம்மி, அன்றைக்கு எல்லோரும் போட்டதுதான். எழுந்து நின்றது, மறுநாள் செத்துவிட்டது. வழக்கம்போல மேட்டுக்கு இழுத்துப் போனோம். பாறுகளும் வந்தன.

அந்த மருந்து, செத்த மாட்டைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். கழிவு வெளியேறாமல் ஈரல், இதயமெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துவிடுமாம். 1990-களின் தொடக்கத்தில் நாட்டில் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிச்சம். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாட்டை ஒரு கூட்டமே தின்னும், ஆனால் ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். எங்கே ஈடுகட்டுவது? நம் எருதால்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த நூற்றில் ஒன்று நம்முடையதாக இருக்காது என்றும் சொல்ல முடியவில்லை, கண்ணு.

2006-ல் மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை வந்தது. மனிதர்களுக்கு விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அதையும் மூன்று மில்லிக்குச் சுருக்கினார்கள். மாட்டுக்குப் போட்ட வேறு வலி மருந்துகளான அசெக்ளோபினாக், கீட்டோபுரோபேன் இரண்டுக்கும் 2023-ல்தான் தடை. அசெக்ளோபினாக் மாட்டு உடம்புக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறுமாமே, அது உனக்குத்தான் தெரியும். இப்போது பாறு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். நம் பாறைமேட்டில் நாய்கள்தான், கோழிக்கடைக் கழிவுக்காக. ராத்திரியில் அந்தப் பக்கம் போக உன் அம்மா விடுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவலை ஒரு வாரமாகப் பின்னங்காலை நொண்டுகிறது. மருந்துக் கடையில் ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்கள். பேரைப் படிக்கக் கண்ணாடி கொண்டுபோகவில்லை, வாங்காமல் திரும்பிவிட்டேன். மெலாக்சிகம் என்ற வலி மருந்து என்றால் பாறுக்கு ஒன்றும் ஆகாதாம். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணி எத்தனை மில்லி என்று சொல். வயதான மாடு, அதையும் பார்த்துச் சொல்.

அப்பா