ஒவ்வொரு கொடிக்கும் மூன்று வீடு: தாய்க்கொடிக் குடிலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள தோட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற பருவத்தில் நம் கையை விட்டு ஒரு ரகம் போய்விட்டது. வெளியே வெள்ளைத் தோல், வெட்டினால் உள்ளே அடர்ந்த ஊதா, ஐந்து விரலாகப் பிரிந்த இலை. அந்தச் சர்க்கரைவள்ளி நம் உறுப்பினர்களில் ஒரே ஒரு வீட்டு மாடியில், ஒரே ஒரு பையில் இருந்தது. வீட்டார் இரண்டு வாரம் வெளியூர் போயிருந்த சமயம் கொடி காய்ந்துவிட்டது. திரும்பி வந்து பையைக் கவிழ்த்தார்கள். கிடைத்த இரண்டு கிழங்கிலும் கூன்வண்டு துளை. நறுக்கிப் பார்த்தபோது ஊதாச் சதைக்குள் பழுப்புச் சுரங்கங்கள் ஓடின. முளைக்க வைக்க ஒரு துண்டுகூடத் தேறவில்லை. அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரு ரகத்தை ஒரே வீட்டை நம்பி விட்டுவைத்தது நம் எல்லோருடைய தவறு.

வெண்டையோ தக்காளியோ என்றால் விதையை உலர்த்திப் புட்டியில் போட்டு வைக்கலாம். சர்க்கரைவள்ளிக்கு அந்த வழி கிடையாது. அதன் செல்லில் குரோமோசோம்கள் ஆறு தொகுதிகளாக, மொத்தம் 90 இருக்கின்றன. பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தையே ஏற்பதில்லை. வேறொரு ரகத்தோடு கலந்துதான் விதை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் செடி. நம் உறுப்பினர் ஒருவர் ஆரஞ்சுச் சதை ரகத்தில் காய்த்த விதைகளை எடுத்து, கெட்டியான தோலை உப்புத்தாளில் தேய்த்து, ஊறவைத்து முளைக்க வைத்தார். ஏழு நாற்று வந்தது. ஒன்றின் கிழங்கு வெள்ளை, இரண்டு வெளிர் மஞ்சள், மற்றவை வெறும் நார் வேர். ஏழில் ஒன்றுகூடத் தாயைப்போல் இல்லை. ஆக, ஒரு ரகம் என்பது உயிரோடு இருக்கும் கொடிதான். கொடி போனால் ரகம் போயிற்று.

உலகத்துக்கே இதே சிக்கல்தான். பெரு நாட்டின் லிமாவில் 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான சர்க்கரைவள்ளி ரகங்களைக் கண்ணாடிக் குழாய்களில் சின்னஞ்சிறு செடிகளாக உயிரோடு வைத்துக் காக்கிறது. வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு ஆரஞ்சுச் சதைக் கிழங்கை ஆப்பிரிக்காவில் கொண்டுசேர்த்த பணிக்காக 2016-இன் உலக உணவுப் பரிசில் பங்கு பெற்ற மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ மூவரும் அந்த மையத்தைச் சேர்ந்தவர்களே. கண்ணாடிக் குழாய் வசதி நமக்கு இல்லை. ஆனால் துண்டு வெட்டிக் கொடுக்கும் தாய்க்கொடிகளைக் காக்க ஒரு பூச்சிவலைக் குடில் கட்ட முடியும். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

வலை எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். கொடித்துண்டை வெட்டி நடும்போது தாய்க்கொடியின் நோயும் கூடவே வருகிறது. முதிர்ந்த இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிர்ந்த புள்ளியும் அதைச் சுற்றி ஊதா வளையமும் தெரிந்தால், அது பெரும்பாலும் அசுவினி பரப்பும் இறகுத் தேமல் வைரஸ். அது மட்டும் இருந்தால் கொடி ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெள்ளை ஈ கொண்டுவரும் குட்டை வைரஸும் சேர்ந்துகொண்டால் இலை சுருங்கி, கொடி குறுகி, கிழங்கே இறங்காது. "போன வருடம் நன்றாக வந்தது, இந்த வருடம் வெறும் வேர்தான்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு மண்ணை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தழைச்சத்து மிகுந்தாலும் கொடி மட்டும் கொழுக்கும் என்பது உண்மை. ஆனால் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போனால் முதலில் வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குடிலுக்கு வேண்டியவற்றில் முதல் இடம் வலைக்கு. வெள்ளை ஈ நுழையாத அளவுக்கு நெருக்கமான கண் இருக்க வேண்டும். சாதாரண நிழல்வலை உதவாது. பிறகு சட்டம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, வளர்ப்புப் பைகள், தொழுஉரம், வெயிலில் எழுத்து அழியாத பெயர்ப் பட்டைகள். இவற்றுக்கு அடுத்து, மிஞ்சும் பணத்தில் திசு வளர்ப்பில் (ஆய்வகத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து வளர்க்கும் முறை) உருவாக்கிய நோயற்ற தாய்ச் செடிகள் வாங்குவோம். அலங்காரத்துக்காக விற்கும் கருநிற இலை, எலுமிச்சைப் பச்சை இலை ரகங்களுக்கு இந்தப் பணத்தைத் தொடமாட்டோம். அவற்றின் கிழங்கைச் சாப்பிடலாம்தான். ஆனால் சுவை போதாது, அழிந்துபோகும் நிலையிலும் அவை இல்லை. இதில் குழுவுக்குள்ளேயே இருவருக்கு மாற்றுக் கருத்து உண்டு. பேசித்தான் முடிவெடுத்தோம்.

பணமாகத் தர முடிந்தவர்கள் தாருங்கள். தொகை சிறிதா பெரிதா என்று பார்க்க வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் குழாய், கம்பி, தொட்டி இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு மணி நேரம் வந்து இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பூச்சி பார்க்கிற கை இருந்தால், அது பணத்தைவிட எங்களுக்கு அவசரத் தேவை. வரவு செலவு ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வாசிக்கப்படும். யார் வேண்டுமானாலும் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம்.

குடில் எழுந்தபின் ஒவ்வொரு ரகமும் குடிலில் ஒன்று, வெளியே குறைந்தது மூன்று வீடுகளில் என்று இருக்கும். கொடி கேட்கும் எவருக்கும் ரகத்துக்கு ஐந்து துண்டு கொடுப்போம், நன்கொடை தந்தவரா இல்லையா என்று கேட்கமாட்டோம். வாங்கிச் செல்பவர் ஒரே ஒரு வாக்குத் தந்தால் போதும்: குடிலில் அந்த ரகம் இறந்தால் தம் வீட்டுக் கொடியிலிருந்து திருப்பித் தருவதாக. ஊதாச் சதை ரகங்களை எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். அவற்றில் பல, ஆரஞ்சு ரகங்களைவிடக் கூடுதல் நாள் மண்ணில் இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தோண்டிவிட்டு "இது காய்க்காத ரகம்" என்று பிடுங்கி எறிந்தவர்கள் நம்மில் உண்டு.

கொடியாகவே நன்கொடை தர விரும்புகிறவர்களுக்கு: நுனிக்கொடியில் ஒரு சாண் நீளம், நாலைந்து கணுவோடு, காலையில் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரத்துணியில் சுற்றி, அன்றோ மறுநாளோ சேர்த்துவிடுங்கள். தரையில் படர்ந்து வேர்விட்ட பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். கிழங்காகவும் தர வேண்டாம். கூன்வண்டின் முட்டை உள்ளே இருந்தால் வெளியே தெரியாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த கொடியை, தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி இல்லாமல் நாங்கள் வாங்கமாட்டோம், எவ்வளவு அரிய ரகமானாலும் சரி. ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் தயங்க வேண்டாம். கிழங்கின் தோல் நிறம், சதை நிறம், எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது, யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, கொடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
செயற்குழுவினர்