கொய்சுமி செட்சு அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செட்சு அம்மாவுக்கு,

உங்கள் கணவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். அதை உங்களிடம் சொல்வதுதான் முறை.

1904-இல் ‘க்வைதான்’ என்ற ஜப்பானியப் பேய்க்கதைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது. கதைகள் எங்கிருந்து கிடைத்தன என்று அதை எழுதிய உங்கள் கணவர் லாஃப்காடியோ ஹெர்ன் முன்னுரையில் சொல்கிறார். பழைய ஜப்பானிய நூல்களின் பெயர்களை அடுக்குகிறார். பனிப்பெண் யூகி-ஒன்னாவின் கதையைத் தனக்குச் சொன்னவர் முசாஷி மாகாணத்து விவசாயி ஒருவர் என்று ஊர்ப்பெயரோடு எழுதுகிறார். உங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரே ஒரு கதை சொன்ன விவசாயிக்கு இடம் உண்டு. பதின்மூன்று வருஷம் கூடவே இருந்து கதை சொன்ன மனைவிக்கு இல்லை!

அந்தப் பழைய நூல்களை அவரால் தானாகப் படித்திருக்க முடியாது. பதினாறு வயதிலேயே ஒரு கண் போய்விட்டது, மற்றதிலும் பார்வை மோசம். ஜப்பானிய எழுத்தும் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி வந்து படித்தது நீங்கள். புத்தகத்தைப் பார்த்து வாசித்தாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் சொல்லாக, உங்கள் எண்ணமாக வரவேண்டும் என்பார். கதை முழுதாக உங்களுடையதாக ஆனால்தானே அப்படிச் சொல்ல முடியும்? அதனால் கனவிலும் அதுவே வரத் தொடங்கியது என்று 1914-இல் அச்சான உங்கள் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். இதை ‘உதவி’ என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பேய்க்கதைகளில் எனக்குப் பிடித்தது குரோசாகா அருவிக் கதை. குளிர்கால இரவு. சணல் உரிக்கும் இடத்தில் வேலை முடிந்த பெண்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை பேசுகிறார்கள். பேச்சு முற்றிப் பந்தயமாகிறது: பேயருவிக்குத் தனியாகப் போய், அங்குள்ள கோயிலின் உண்டியலைத் தூக்கி வருபவளுக்கு அன்றைய சணல் முழுவதும். தச்சன் மனைவி ஓகாட்சு, முதுகில் தூங்கும் குழந்தையோடு கிளம்புகிறாள். உண்டியலில் கை வைக்கும்போது அருவிக்குள்ளிருந்து ஒரு குரல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, இரண்டு முறை. அவள் நிற்கவில்லை. உண்டியலோடு ஓடி வந்து சேர்கிறாள், எல்லோரும் பாராட்டுகிறார்கள். முதுகுத் துணியை அவிழ்க்க உதவிய கிழவிக்குக் கை ஈரமாகிறது. “ஐயோ, இது ரத்தம்!” குழந்தைக்குத் தலை இல்லை.

இதை நீங்கள் சொன்னபோது ஹெர்னின் முகம் வெளுத்துவிட்டதாம். அந்த ‘ரத்தம்’ என்ற கூச்சலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். என்ன குரலில் கத்தியிருப்பாள், அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று குடைந்தெடுத்தார். கதை இத்தனை கச்சிதமாக இருப்பதற்கு அந்தக் கேள்விகளும் காரணம், நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் சொன்னது யார்? 1868-இல் சாமுராய் வீட்டில் பிறந்து, புதிய அரசில் குடும்ப வருமானம் போய், பதினோரு வயதில் படிப்பை விட்டுத் தறிக்குப் போனவர். கூலிக்கு வேலை செய்யும் பெண்கள் இரவில் என்ன பேசுவார்கள், ஒரு நாள் சணலுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியாதா! பேயைவிட அந்தப் பந்தயப் பொருள்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஹோயிச்சி கதையும் அப்படித்தான். 1185-இல் டான்-நோ-உரா கடற்போரில் அழிந்த ஹெய்கே குலத்தின் ஆவிகள், பீவா என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் பார்வையற்ற கலைஞன் ஹோயிச்சியை இரவில் அழைத்துப்போய்த் தங்கள் சாவையே பாடச் சொல்லிக் கேட்கின்றன. அவனைக் காக்க உடம்பெல்லாம் பௌத்த சூத்திரம் எழுதியவர்கள் காதுகளை விட்டுவிடுகிறார்கள். மூலத்தில் இது சின்னக் கதை. எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவர் பொழுது சாய்ந்தும் விளக்கேற்றாமல் இருப்பார். அடுத்த அறையிலிருந்து நீங்கள் “ஹோயிச்சி, ஹோயிச்சி” என்று கூப்பிட, “எனக்குக் கண் தெரியாது, நீங்கள் யார்?” என்று பதில் வரும். நல்ல ஜோடிதான் போங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொத்து உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிக்கலில்லாமல் சேரவேண்டும் என்று 1896-இல் அவர் ஜப்பானியக் குடிமகன் ஆனார், உங்கள் குடும்பப் பெயரை ஏற்று கொய்சுமி யாகுமோ ஆனார். பெயரையே வாங்கிக்கொண்டவருக்கு அதை முன்னுரையில் ஒரு முறை எழுதத் தோன்றவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், சரி, இருக்கட்டும்.

புத்தகம் ஆங்கிலத்தில் வந்ததால் உங்களாலேயே அதைப் படிக்க முடியவில்லை. இருவரும் வீட்டில் பேசியது இலக்கணம் உதிர்ந்த, உங்கள் இருவருக்கு மட்டும் புரிகிற ஒரு ஜப்பானிய மொழி. அதில் சொன்ன கதை ஆங்கிலமாகி, அப்புறம் யாரோ மொழிபெயர்த்து மறுபடி ஜப்பானியமாகி, இன்று அங்குள்ள பிள்ளைகள் ஹோயிச்சியைப் பெரும்பாலும் அந்த வடிவில்தான் அறிகிறார்கள். அதன் அட்டையிலும் அவர் பெயர்தான்.

தமிழில் யாராவது இந்தக் கதைகளைக் கொண்டுவந்தால், ‘சொன்னவர்: கொய்சுமி செட்சு’ என்று அட்டையிலேயே போடச் சொல்லி நச்சரிப்பதாக இருக்கிறேன். எழுத்து அவர் பெயரைவிடச் சின்னதாக இருந்தாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி